முதலில் எந்தப் பேட்டை? ஆரியசாலையும் திருவிதாங்கூர் செய்த ஒரு தேர்வும்

‘சிவிலைசேஷன் 6’ என்னும் கணினி விளையாட்டு 2016-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் ஒரு நகரத்தை நிறுவுகிறவர் உடனே விடைதேட வேண்டிய வினா ஒன்று உண்டு: முதலில் எந்தப் பேட்டையைக் கட்டுவது? கல்வி, வணிகம், துறைமுகம், தொழில், படை, வழிபாடு என ஒவ்வொன்றுக்கும் தனிப் பேட்டை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒருசேரக் கட்ட இயலாது. நகரத்தின் மக்கள்தொகை அளவு ஒன்றாக இருக்கையில் ஒரு பேட்டைக்குத்தான் இடம். அது நான்கை எட்டினால் இரண்டாவது, ஏழை எட்டினால் மூன்றாவது. இடத்தேர்வும் பயனைக் கூட்டும், குறைக்கும். ஆற்றை ஒட்டிய வணிகப் பேட்டை கூடுதல் பொன் தரும். பக்கத்தில் துறைமுகம் அமைந்தால் இன்னும் கூடும். மலையை ஒட்டிய கல்விப் பேட்டை அறிவைப் பெருக்கும். வணிகப் பேட்டை, துறைமுகம் ஆகிய இரண்டையும் ஒரே நகரத்தில் கட்டினாலும் அவற்றால் கூடும் வணிகத் தடம் ஒன்றே என்றொரு விதி பின்னர் வந்தது. துறைமுகமா, கடைவீதியா என்ற வாதம் ஆடுவோரிடையே ஓயாமல் நடப்பதற்கு அதுவே காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் திருவிதாங்கூர் அரசு இதே வினாவை மெய்யாகவே எதிர்கொண்டது. அது துறைமுகத்தையும் கட்டியது, கடைவீதியையும் கட்டியது. ஆனால் இரண்டையும் ஒரே ஊரில் கட்டவில்லை. துறைமுகம் ஆலப்புழையில் எழுந்தது. கடைவீதி திருவனந்தபுரம் கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு வெளியே எழுந்தது. அந்தக் கடைவீதிதான் சாலைக் கடைத்தெரு. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் அந்த அங்காடிப் பரப்பின் கிழக்குப் பகுதியில் ஆரியசாலை அமைந்திருக்கிறது. கருவூலத்திற்கு உடனடியாகப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது துறைமுகம். இன்றுவரை தான் பிறந்த வேலையைச் செய்துகொண்டிருப்பதோ கடைவீதி. இந்த முரணுக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

சாலை என்னும் சொல்

வினாவுக்குள் நுழையுமுன் ஊர்ப்பெயரைக் கவனிக்க வேண்டும். ஆரியசாலை, வலியசாலை, சாலைக் கடைத்தெரு என மூன்று பெயர்களிலும் ‘சாலை’ நிற்கிறது. வடமொழி ‘சாலா’விலிருந்து வந்த இச்சொல் தமிழில் பல பொருள்களைச் சுமந்திருக்கிறது. கல்விச்சாலை என்றால் பயிலுமிடம். அறச்சாலை என்றால் உணவிடும் இடம். பண்டகசாலை என்றால் சரக்கு வைக்குமிடம். நெடுஞ்சாலை என்றால் வழி. விளையாட்டின் வரைபடத்தில் ஒரு கட்டத்தில் ஒரு பேட்டைதான் இருக்க முடியும். தமிழ்ச் சொல்லோ நான்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. ஆரியசாலையைச் சுற்றியுள்ள நிலமும் ஏறத்தாழ அப்படியே இருந்திருக்கிறது.

இப்பகுதியில் சாலை என்பதன் பழைய பொருள் கல்வியைச் சார்ந்தது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் பொ.ஆ. 866-இல் வெளியிட்ட செப்பேடு அதற்குச் சான்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பார்த்திவசேகரபுரத்தில், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்துப் பெற்ற இடத்தில், அவன் திருமால் கோயிலொன்றை எழுப்பினான். அதனோடு 95 சட்டர்களுக்கான சாலை ஒன்றையும் நிறுவினான். அந்த இடங்களில் 45 பவிழிய சரணத்தாருக்கும், 36 தைத்திரிய சரணத்தாருக்கும், 14 தலவகார சரணத்தாருக்கும் ஒதுக்கப்பட்டன. சேர விரும்புவோருக்கு இலக்கண அறிவும் மூவேந்தர் நாட்டு நடைமுறை அறிவும் வேண்டும் எனச் செப்பேடு விதிக்கிறது. இந்தச் சாலை காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பின்பற்றி அமைந்தது என்பதையும் அதுவே சொல்கிறது. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்த இச்செப்பேடு, காந்தளூர் அக்காலத்தில் பிறருக்கு முன்மாதிரியாக இருந்தது என்பதை ஐயமின்றிக் காட்டுகிறது.

முதலாம் இராசராசனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளிலேயே இடம்பெறும் காந்தளூர்ச் சாலையைத் திருவனந்தபுரத்து வலியசாலையோடு இணைத்துப் பார்ப்போர் பலர். வலியசாலை மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்ற பெயரைத் தாங்குகிறது. இராசராசன் அங்கே செய்தது மரக்கலங்களை அழித்ததா, உண்கலங்கள் பற்றிய ஏற்பாட்டை மாற்றியதா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டாகத் தொடர்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே அது குறித்துத் தனி ஆய்வு எழுதியவர். ‘கலம்’ என்ற ஒரு சொல்லின் பொருளில் அது துறைமுகப் போரா, கல்விச்சாலை நிர்வாகமா என்ற வரலாறே மாறிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பழைய சாலையின் பெயரே நேராகக் கடைத்தெருவுக்கு வந்தது என்று சொல்லிவிடுவது எளிது, கேட்பவருக்கும் இனிக்கும். ஆனால் கடைத்தெரு எழுந்த காலத்தில் சாலை என்பதற்கு வழி என்ற பொருளும், பண்டகசாலை என்பதன் வழியாகக் கிடங்கு என்ற பொருளும் வழக்கில் இருந்தன. மலையாளத்தில் ‘சால’ என வழங்கும் வடிவம் இந்தச் சிக்கலை மேலும் கூட்டுகிறது. பெயர்த் தொடர்ச்சி வேறு, நிறுவனத் தொடர்ச்சி வேறு. ஒன்பதாம் நூற்றாண்டின் சட்டர்களுக்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் பலசரக்கு வணிகர்களுக்கும் இடையே சொல் ஒன்றாக இருக்கலாம். தேர்வு செய்தவர்களும் அவர்களது நோக்கங்களும் வேறு.

மிளகும் பண்டகசாலையும்

மார்த்தாண்டவர்மா (1729–1758) குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த பின், மிளகு வணிகம் முழுவதையும் அரசின் தனியுரிமையாக்கினார். அதை நடைமுறைப்படுத்தியவர் தளவாய் இராமய்யன். நாடெங்கும் பண்டகசாலைகள் அமைக்கப்பட்டன; மாவேலிக்கரை வணிகத்துறையின் தலைமையிடமாயிற்று. விளைவிப்பவர் மிளகை அரசுக்கே விற்க வேண்டும். அயல்நாட்டு வணிகர் அரசிடமே வாங்க வேண்டும். 1753-இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்களுடன் கையெழுத்தான உடன்படிக்கையின் மையமும் மிளகுதான்.

பண்டகசாலை என்ற சொல்லின் பயணமும் கவனிக்கத்தக்கது. கீழைத் துறைமுகங்களில் கிடங்கையும் சுங்க அலுவலகத்தையும் ஆங்கிலேயர் குறித்த ‘பாங்க்‌ஷால்’ என்ற சொல்லுக்கு இதையே மூலமாகக் கூறுவர். கொல்கத்தாவில் பாங்க்‌ஷால் தெருவும் நீதிமன்றமும் இன்றும் அப்பெயரால் வழங்குகின்றன. மலாய் மொழியில் கொட்டகையைக் குறிக்கும் ‘பங்சால்’ அதன் உறவினர். இந்தியப் பெருங்கடல் முழுவதும் ஒரு சொல் பரவியதென்றால், அச்சொல் குறித்த ஏற்பாடும் பரவியிருந்தது என்று பொருள். திருவிதாங்கூர் அந்தப் பொதுவான ஏற்பாட்டை அரசின் கைக்குள் கொண்டுவந்தது. அதுவே அதன் தனித்தன்மை.

அடுத்து ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மா, அதாவது தர்மராஜா (1758–1798), இந்தக் கட்டமைப்பை மரபுரிமையாகப் பெற்றார். 1762-இல் ஆலப்புழைத் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வளர்ச்சியோடு பிணைந்த பெயர் கேசவ பிள்ளை. விளவங்கோட்டுப் பகுதியின் குன்னத்தூரில் 1745-இல் பிறந்து, இளமையில் போக்குமூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் பணியாற்றி, பின்னர் அரண்மனைக்குள் நுழைந்து, 1789-இல் திவானாக உயர்ந்தவர். ராஜா கேசவதாசன் என வரலாறு அவரை அறியும். கணக்கை வணிகரிடம் கற்ற ஒருவர் நாட்டின் முதல் அலுவலரானது தற்செயல் அன்று. மிளகால் வாழும் அரசுக்கு அப்படிப்பட்டவரே தேவைப்பட்டார். ஆலப்புழைக்குக் குஜராத்திலிருந்தும் கட்சிலிருந்தும் வணிகர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களுக்கு இடமும் வசதியும் தரப்பட்டன. மலையில் விளைந்த பொருளைக் காயல் வழியாகக் கடலுக்குக் கொண்டுசேர்ப்பதற்கு ஆலப்புழையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தலைநகர் நகர்ந்தபோது

மார்த்தாண்டவர்மாவின் தலைநகர் பத்மநாபபுரம். அது நாஞ்சில் நாட்டின் வாசலில் இருந்தது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அதன் கோட்டாறு, சோழர் காலத்தில் மும்முடிச்சோழநல்லூர் என்ற பெயரும் பெற்ற பழைய வணிகத்தலம். பத்மநாபபுரத்து அரண்மனைக்கும் படைக்கும் வேண்டிய அரிசியும் உப்பும் எண்ணெயும் அரை நாள் வண்டிப் பயணத்தில் கிடைத்தன. எனவே பத்மநாபபுரம் தனக்கென ஒரு பெரிய அங்காடியை உருவாக்கிக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. நாட்டை ஸ்ரீபத்மநாபனுக்கு ஒப்படைத்து 1750-இல் திருப்படிதானம் செய்த அரசகுலம், அந்தக் கோயிலின் அருகிலேயே இருக்க விரும்பியதில் வியப்பில்லை. வடக்கே விரிந்துவிட்ட நாட்டை ஆள்வதற்கும் இது வசதி. ஆனால் ஒரு விலை இருந்தது: அரண்மனையும் அலுவலர்களும் கோயில் ஊட்டுகளும் நெற்களஞ்சியத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் விலகிவிட்டன. திப்பு சுல்தானுடன் நடந்த போர் அப்போதுதான் முடிந்திருந்தது, கருவூலம் இளைத்திருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகை கூடியிருந்தது. விளையாட்டை ஆடும் ஒருவர் இந்நிலையில் பொன் தரும் பேட்டையைத்தான் தேர்வார். ராஜா கேசவதாசன் தலைநகரில் கட்டியது உணவு சேர்க்கும் பேட்டை.

சாலைக் கடைத்தெரு திருவிதாங்கூருக்கு வேண்டிய பண்டங்களைச் சேர்த்துவைத்து வழங்கும் நடுவண் களஞ்சியமாகக் கருதப்பட்டது. இடத்தேர்வு அந்த நோக்கத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. மேற்கே கோட்டையும் கோயிலும். கிழக்கே கிள்ளியாறு, அது கரமனை ஆற்றில் கலக்கிறது. இந்த இரு ஆறுகளின் வழியே சரக்கு வந்தது. தென்கிழக்கே கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, தக்கலை வழியாக நாஞ்சில் நாட்டுக்குச் செல்லும் பெருவழி. ஆறும் பெருவழியும் கோட்டை வாயிலும் ஒன்றையொன்று நெருங்கும் துண்டு நிலம் அது. கோட்டைக்கு வெளியே, ஆனால் கோட்டையின் நிழலுக்குள்.

இத்தகைய ஏற்பாட்டுக்குத் தமிழில் தொன்மையான முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தின் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பிரிந்தது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும். பட்டினப்பாக்கத்தில் அரசரும் பெருங்குடியினரும். இரண்டுக்கும் நடுவே நாளங்காடி. அங்காடி என்பது இரு வேறு மக்கள் சந்திக்கும் இடைவெளியில் அமைவது. கோட்டைக்கு வெளியே வணிகர் குடியிருப்பைக் குறிக்கும் ‘பேட்டை’ என்ற சொல்லும் இதே இடைவெளியைத்தான் பேசுகிறது. சாலைக் கடைத்தெரு அந்த வகையில் புதுமையன்று. புதுமை, அதை ஒரு திவான் திட்டமிட்டு நிறுவினார் என்பதே.

வந்தவர்கள்

விளையாட்டில் பேட்டையைக் கட்டி முடித்தால் மக்கள் தாமாகவே அதில் வேலை செய்கின்றனர். உண்மையான பேட்டைக்கு ஆள் வர வேண்டும். சாலையிலும் ஆரியசாலையிலும் குடியேறிய வணிகர்களில் தமிழ் பேசுவோர் பெரும்பங்கினர். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வெள்ளாளரும் செட்டியாரும் நாடாரும் இராவுத்தரும் வந்தனர். வலியசாலை அக்கிரகாரத்தில் தமிழ்ப் பிராமணர் குடியிருந்தனர். சபாபதி கோயில் தெரு, கொத்துவால் தெரு போன்ற பெயர்கள் இன்றும் அந்தப் பரப்பில் இருக்கின்றன. கொத்துவால் என்பது சென்னைக்கும் பழகிய அங்காடிப் பெயர்.

இந்த அங்காடியில் புழங்கிய கணக்கு எளிதானதன்று. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, உள்ளூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். நெல்லும் அரிசியும் நாழி, இடங்கழி, பறை என அளக்கப்பட்டன. எல்லைக்கு அப்பாலிருந்து சரக்கு எடுத்துவரும் வணிகர் இரண்டு நாணயங்களையும் இரண்டு அளவுமுறைகளையும் இரண்டு மொழிகளையும் ஒரே பேரத்தில் கையாள வேண்டியிருந்தது. அந்தத் திறன் ஒரு தலைமுறையில் வருவதில்லை, குடும்பங்களுக்குள் கைமாறுவது. அரசு நிலத்தையும் தெருவையும் தந்தது. இந்தத் திறனை வணிகக் குடும்பங்கள் கொண்டுவந்தன.

நெசவுக்கும் இதே வழி பின்பற்றப்பட்டது. சாலையிலிருந்து தெற்கே செல்லும் அதே பெருவழியில், அவிட்டம் திருநாள் பாலராமவர்மாவின் (1798–1810) பெயரால் அமைந்த பாலராமபுரத்தில் சாலியர்கள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களும் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்களே. பாலராமபுரம் கைத்தறிக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலப்புழைக்குக் குஜராத்தியர், சாலைக்குத் தமிழர், பாலராமபுரத்திற்குச் சாலியர்: திருவிதாங்கூர் பேட்டைகளைக் கட்டிய முறை, கட்டடங்களைக் காட்டிலும் குடியேற்றத்தையே சார்ந்திருந்தது.

வர முடியாதவர்கள்

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது ஆட்சியாளரின் புகழுரையாகிவிடும். பெருவழியும் அங்காடியும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. நெல்லை விளைவித்த புலையருக்கும் பறையருக்கும் அந்த நெல் விற்கப்படும் தெருவில் நடக்கும் உரிமை இல்லை. தெற்குத் திருவிதாங்கூரில் 1858–59 காலத்தில் மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்ட இடங்களில் சந்தைகளும் அடங்கும். கலவரத்திற்குப் பின் 1859 ஜூலையில் வெளியான அரசப் பிரகடனம் மேலாடை அணியும் உரிமையை ஏற்றாலும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற தடையையும் சேர்த்தே தந்தது.

1893-இல் அய்யங்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுவழியில் சென்றது இந்த ஏற்பாட்டின் மீதான நேரடித் தாக்குதல். 1898-இல் மோதல் வெடித்த இடம் பாலராமபுரத்துச் சாலியர் தெரு. அரசு திட்டமிட்டு உருவாக்கிய நெசவுப் பேட்டையிலேயே, அந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்ற கேள்வி அடிதடியாயிற்று. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். ராஜா கேசவதாசன் கடைத்தெருவைக் கட்டியதற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு.

எனவே ஒரு பேட்டையைக் கட்டும் தேர்வுக்குள் வேறொரு தேர்வு ஒளிந்திருக்கிறது: அது யாருக்காகத் திறந்திருக்கும்? முதல் தேர்வை அரசு ஆணையாக எழுதிவைக்கும். இரண்டாவது தேர்வைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. வழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடும். பொருளியல் வரலாறு முதல் வகை ஆவணங்களை மட்டுமே நம்பினால், களஞ்சியம் தெரியும். களஞ்சியத்திற்கு நெல் கொடுத்தவர் தெரியமாட்டார்.

நின்றதும் நிலைத்ததும்

மிளகுத் தனியுரிமையை 1860-இல் திருவிதாங்கூர் கைவிட்டது. அப்போது திவான் டி. மாதவராவ். பண்டகசாலைகளின் முதன்மை நோக்கம் அதோடு மறைந்தது. ஆலப்புழை அதன்பின் கயிற்றுத் தொழிலால் மீண்டும் எழுந்தது. ஆனால் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் முயற்சியால் கொச்சியின் மணல்திட்டு வெட்டப்பட்டு, 1928-இல் உள்துறைமுகத்திற்குள் பெரிய கப்பல் நுழைந்தபோது, ஆலப்புழையின் துறைமுகக் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. இன்று அங்கே கடலுக்குள் நீளும் பழைய பாலத்தின் எச்சம் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி. ஒரு நாட்டின் வருவாயைச் சுமந்த பேட்டை, பக்கத்து ஆழ்துறை ஒன்று திறந்தவுடன் பணியை இழந்தது.

கடைத்தெருவின் கதை வேறு. கொல்லத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1918-இல் சாக்கையில், கால்வாய்க்கு அருகே நின்றது. அங்காடிக்கு அது தொலைவு. 1931-இல் பாதை தம்பானூர் வரை நீட்டிக்கப்பட்டது. தம்பானூர் நிலையம் சாலைக் கடைத்தெருவுக்கு நடைதூரம். ஆற்றுப்படகு போய் இரயில் வந்தது; இரயிலுக்குப் பின் சரக்குந்து வந்தது. ஒவ்வொரு முறையும் புதிய வழி பழைய அங்காடியைத் தேடி வந்தது. காரணம் எளிது. வெளிநாட்டு விலையையோ, தனியுரிமை ஆணையையோ நம்பி அந்த அங்காடி பிறக்கவில்லை. நகரத்து அடுப்புகளை நம்பிப் பிறந்தது. விலை விழுந்தால் ஏற்றுமதி நிற்கும். அடுப்பு ஒரு நாளும் நிற்பதில்லை.

மிகக் கடுமையான சோதனை 1956 நவம்பர் 1-இல் வந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்காகப் போராடிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசுக்கும், 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கும் அது நீதி. சாலையின் கோணத்திலோ, அங்காடி ஒரு மாநிலத்திலும் அதன் நெல்வயல் இன்னொரு மாநிலத்திலும் என்றாயிற்று. ஆரியசாலைத் தமிழ்க் குடும்பங்கள் ஒரே இரவில் மொழிச் சிறுபான்மையினராயினர். அவர்களது பூர்வீக ஊர் களியக்காவிளைக்கு அப்பால், வேறொரு மாநிலத்தின் பள்ளிப் பாடநூலுக்குள் போனது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பொறுப்பில் இருப்பதைப் போலவே, சாலைக் கடைத்தெருவும் எல்லையின் இருபுறமும் கால்வைத்து நிற்கிறது. ஓணத்திற்குத் தோவாளைப் பூ இல்லாமல் திருவனந்தபுரத்து முற்றங்களில் அத்தப்பூக்களம் நிறைவதில்லை.

மீண்டும் அதே வினா

சுதந்திரத்திற்குப் பிந்தைய அரசுகளும் இந்த வினாவுக்குத் தத்தம் காலத்து விடையைத் தந்தன. 1990-இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. 2025 மே 2-இல் விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆய் வேந்தரின் பழைய துறைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பெருங்கப்பல்கள் வருகின்றன. ஆனால் அதன் முதன்மைப் பணி பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குச் சரக்குப்பெட்டிகளை மாற்றுவது. பெட்டிகளில் பெரும்பாலானவை நகரத்திற்குள் வருவதே இல்லை. ஆலப்புழையும் சாலையும் இரண்டு வேறு தேர்வுகளாக இருந்ததைப் போலவே, விழிஞ்ஞமும் சாலையும் இரண்டு வேறு தேர்வுகள். ஒன்றின் வெற்றியைக் கொண்டு மற்றொன்றைத் தேவையற்றதாகக் கருதும் திட்ட ஆவணம், 1795-இன் நிலைமையை மறந்துவிட்ட ஆவணமாகும்.

கணினி விளையாட்டு கற்பிக்கும் பாடம் பொய்யன்று. இடம், அண்டைச் சூழல், காலவரிசை ஆகிய மூன்றும் முக்கியம். ராஜா கேசவதாசன் மூன்றையும் கணக்கிட்டே செயற்பட்டார். விளையாட்டின் கணக்கில் விடுபடுபவை வேறு: பேட்டைக்கு வருகிறவரின் மொழி, அவர் வரும் வழியில் அவருக்குள்ள உரிமை, எல்லைக்கோடு மாறும்போது அவருக்கு நேர்வது. சாலைக் கடைத்தெரு நிலைத்ததற்குத் திவானின் தேர்வு ஒரு பாதிக் காரணம். மறுபாதி, ஆணையில் பெயர் எழுதப்படாத வணிகரும் வண்டிக்காரரும் சுமைதூக்குவோரும் அந்த வழியை விடாமல் நடந்தது.

அந்த வழி இன்னும் நடக்கப்படுகிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டுச் சரசுவதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரகோவில் குமாரசாமியும் திருவனந்தபுரம் நோக்கி ஊர்வலமாகப் புறப்படுகின்றனர். எல்லையில் இரு மாநிலக் காவல்துறையினரும் மரியாதை செலுத்துகின்றனர். நகரை அடைந்தபின் சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் தங்குகின்றனர். குமாரசாமி தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில். ஒன்பது நாள்களும் தமிழ்நாட்டு மலைக்கோயிலின் முருகன், மொத்தக் கடைகளின் மூட்டைகளுக்கும் சரக்குந்துகளுக்கும் நடுவே, நெல் வந்த அதே வழியில் வந்து அங்கே வீற்றிருக்கிறான்.